ஒரு லாரி டிரைவர் கோர்ட்டுக்குப் போன கதை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "அமெரிக்காவிலிருந்து வர்றே, மேடையிலே நாலு வார்த்தை பேசிட்டுப் போப்பா" என்றார். எனக்கு முன்னால் பேசியவர்களில் ஒருவர் வங்கி மேலாளர், ஒருவர் ஆடிட்டர், ஒருவர் கல்லூரி முதல்வர். நான் லாரி டிரைவர். டெக்சஸ் மாநிலத்தில் 18 சக்கர வண்டி ஓட்டுகிறேன். எங்கள் அப்பாவுக்கு நாமக்கல்லில் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. அப்போது நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை, சேலம் மாவட்டம்தான். பையன் ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்பா என்னைக் காலேஜில் சேர்த்தார். திருமணமாகி, நர்ஸ் வேலை பார்க்கும் மனைவியோடு 2004-இல் அமெரிக்கா போய், பெட்ரோல் பங்கிலும் கிடங்கிலும் வேலை பார்த்து, கடைசியில் 2009-இல் ஸ்டீயரிங்தான் பிடித்தேன். (சிரிப்பு.) அப்பாவுக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

எனக்குத் தத்துவம் பேச வராது. எனக்கு நடந்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். மொத்தம் 260 டாலர் விவகாரம்.

2022 செப்டம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு சிறு நகரத்தில் கிடங்கு ஒன்றில் சரக்கை இறக்கிவிட்டு, காலி டிரெய்லரோடு வெளியே வருகிறேன். மாலை 3 மணி 20 நிமிஷம். கேட்டைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினேன். அந்தச் சாலையில் வேக வரம்பு மணிக்கு 35 மைல் என்று எனக்குத் தெரியும். 36-இல் போய்க்கொண்டிருந்தேன். இடப்பக்கம் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. அதையும் தாண்டி, சாலையோரம் ஒரு போர்டு: "ஸ்கூல் ஸோன் முடிந்தது." எங்கே ஆரம்பித்தது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கண்ணாடியில் போலீஸ் வண்டியின் விளக்கு தெரிந்தது.

அந்த ஊர்களில் பள்ளிக்கூடத்துப் பக்கம் பச்சை கலந்த பளீர் மஞ்சளில் ஒரு போர்டு வைத்து, அதற்கு மேல் மஞ்சள் விளக்கு பொருத்தியிருப்பார்கள். பிள்ளைகள் வரும் நேரம், போகும் நேரம் விளக்கு மினுக்கி மினுக்கி எரியும். அது எரிகிற வரைக்கும் வரம்பு 20 மைல். அணைந்துவிட்டால் பழையபடி 35. ஆக, என் குற்றச்சாட்டு 20 மைல் பகுதியில் 36 மைல். பதினாறு மைல் கூடுதல்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். சீட்டில் கையெழுத்து வாங்கினார். "இது நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது, குறித்த தேதிக்குள் பதில் சொல்கிறேன் என்ற உறுதி, அவ்வளவுதான்" என்று அவரே சொன்னார். இதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே டிக்கெட்டில் கையெழுத்துப் போடுவது ஒப்புதல் இல்லை. பணத்தைக் கட்டுவதுதான் ஒப்புதல். தபாலில் காசோலை அனுப்பினாலும் சரி, கம்ப்யூட்டரில் கட்டினாலும் சரி, கோர்ட்டுப் பதிவேட்டில் தண்டனை என்று ஏறிவிடும்.

இது எனக்கு எப்படித் தெரியும்? ஏற்கெனவே பட்டிருக்கிறேன். 2021-இல் பக்கத்து மாநிலத்தில் முன்னால் போன வண்டியை ரொம்ப நெருங்கிப் போனதாக ஒரு டிக்கெட். "போகட்டும், சின்னத் தொகைதானே" என்று தபாலில் பணம் அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன். அது என் உரிமப் பதிவில் போய் உட்கார்ந்துகொண்டது.

கனரக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அங்கே தனி உரிமம். சுருக்கமாக சி.டி.எல். என்பார்கள். அதற்கு மத்திய அரசின் விதிகள் உண்டு. வரம்பைவிட 15 மைலோ அதற்கு மேலோ வேகம் போனால் அது "கடுமையான மீறல்". நெருங்கிப் போவதும் அதே பட்டியலில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்குள் இரண்டு கடுமையான மீறலில் தண்டனை பதிவானால் 60 நாள் கனரக வண்டியைத் தொடக் கூடாது. மூன்று ஆனால் 120 நாள். என் கணக்கைப் பாருங்கள். ஒன்று ஏற்கெனவே ஏறிவிட்டது. 34 மைலில் போயிருந்தால் பதினாலு மைல் கூடுதல், சாதாரண மீறல், அபராதத்தோடு போயிருக்கும். 35-ஐத் தொட்டாலே கடுமையானது. வழக்கமான வரம்பான 35-இல் நல்ல பிள்ளையாகப் போனாலும், அந்த விளக்கு எரியும்போது அது கடுமையான மீறல். எனக்கு மைலுக்கு இவ்வளவு என்று கூலி. 60 நாள் வண்டி ஓடாவிட்டால் 60 நாள் சம்பளம் இல்லை. திரும்பி வரும்போது வேலை இருக்கும் என்று கம்பெனி எழுதிக் கொடுக்கவும் இல்லை.

இன்னொரு விஷயம். டெக்சஸில் கார் ஓட்டுகிறவர் இதே டிக்கெட்டை வாங்கியிருந்தால், பெரும்பாலும் பாதுகாப்பு வகுப்பு ஒன்றில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வந்து, வழக்கைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். சி.டி.எல். உள்ளவனுக்கு அந்தக் கதவு கிடையாது. அவனுடைய மீறலை மறைக்கவோ, தள்ளிப்போடவோ, வகுப்புக்கு அனுப்பி அழிக்கவோ மாநிலங்கள் அனுமதிக்கக் கூடாது என்று மத்திய விதி. லாரியில்தான் என்று இல்லை, ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரில் மனைவி மக்களோடு போகும்போது பிடிபட்டாலும் அப்படித்தான். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், 80,000 பவுண்டு எடையோடு ரோட்டில் போகிறவனை அரசாங்கம் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"எவ்வளவு கேக்கறான் சாமி?"

"எரநூத்தி அறுவது டாலருங்கப்பா."

"கட்டிப்போட்டு வண்டிய எடுக்க வேண்டியதுதானே? இதுக்குப் போயி கோர்ட்டுங்கறே?"

அப்பா அறுபது ரூபாயிலும் நூறு ரூபாயிலும் ரோட்டோரத்திலேயே வழக்கு முடித்த தலைமுறை. ரசீது கேட்டால்தான் அங்கே பிரச்சினை. எனக்கு இங்கே ரசீதுதான் பிரச்சினை என்று விளக்குவதற்குள் போன் கார்டு தீர்ந்துவிட்டது என்று சொல்ல ஆசை. ஆனால் இது வாட்ஸ்அப் காலம், முழுசாக விளக்கித்தான் தீர வேண்டியிருந்தது. (சிரிப்பு.)

குற்றத்தை மறுத்து எழுதிக் கொடுத்தேன். சக டிரைவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "போலீஸ்காரர் கோர்ட்டுக்கு வரமாட்டார், தானாகத் தள்ளுபடி ஆகிவிடும்" என்றார் ஒருவர். "ரேடாரைச் சோதனை செய்த பதிவைக் கேள், அது இருக்காது" என்றார் இன்னொருவர். "விளக்கு எரியவே இல்லை என்று அடித்துச் சொல்" என்றார் மூன்றாமவர். 650 டாலர் கொடுத்து ஒரு வக்கீலை வைத்தேன். 260-க்கு 650. பி.காம். படித்தவன் செய்கிற காரியமா என்று பேராசிரியர் என்னைப் பார்க்கிறார். 60 நாள் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் ஐயா.

வக்கீல் அம்மா முதலில் கேட்ட கேள்வி: "விளக்கு எரிஞ்சுதா?"

"தெரியாதுங்க."

"எரியலேன்னு சொல்றீங்களா?"

"இல்லைங்க. எரிஞ்சுதா எரியலையான்னே எனக்குத் தெரியாது. நான் அந்த விளக்கையே பார்க்கலை."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் பார்க்கலை?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் கம்பெனி வண்டியில் இருக்கும் கருவி எங்கே, எந்த நேரத்தில், என்ன வேகம் என்று பதிவு செய்துகொண்டே இருக்கும். அதை வாங்கிப் பார்த்தோம். 36 என்றுதான் இருந்தது. ரேடார் பொய் சொல்லவில்லை. நகராட்சிக்கு எழுதி, தகவல் பெறும் சட்டத்தின் கீழ் விளக்கின் நேர அட்டவணையைக் கேட்டோம். அந்த மாநிலத்தில் 1973 முதலே அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. வந்த தாளில் 2.45 முதல் 3.45 வரை என்று தெளிவாக இருந்தது. விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நண்பர்கள் சொன்ன மூன்று யோசனைகளில் இரண்டு போயிற்று. அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. 'தப்பு நம்ம பேர்லதானோ' என்ற எண்ணம் அப்போதுதான் உறைத்தது.

லீவு போட்டுவிட்டு, சொந்தக் காரில் அந்த ஊருக்குப் போனேன். கிடங்கு கேட்டருகே நின்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்கூல் ஸோன் தொடங்கும் போர்டு கேட்டுக்கு இடது கைப்பக்கம், ஏறக்குறைய 200 அடி தள்ளி இருக்கிறது. அங்கே சாலையின் வலது ஓரத்தில்தான் வண்டி ஓட்ட வேண்டும், அதனால் அந்த வழியாக நேரே வருகிறவருக்குப் போர்டு முகத்துக்கு நேராகத் தெரியும். கேட்டிலிருந்து வெளியே வந்து வலப்பக்கம் திரும்புகிறவனுக்கு அதன் முதுகுதான் தெரியும். சாம்பல் நிறத் தகரம். எதிர்த்திசைக்கான போர்டும் அப்படியே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நான் ஸோனுக்கு நடுவில் முளைத்தவன். எனக்கு முகம் காட்டிய ஒரே போர்டு, ஸோன் முடிந்துவிட்டது என்ற போர்டு.

அடுத்த முறை அந்தக் கிடங்குக்குச் சரக்கு வந்தபோது, கேட் காவலாளியிடம் கேட்டுக்கொண்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்த உயரத்திலிருந்தே படம் எடுத்தேன். வக்கீல் அம்மா படங்களைப் பார்த்துவிட்டு, டெக்சஸ் போக்குவரத்துச் சட்டத்தில் ஒரு பிரிவை எடுத்துக் காட்டினார். ஒரு போர்டை வைத்துக் குற்றம் சாட்ட வேண்டுமானால், அது சரியான இடத்தில், சாதாரணக் கவனத்தோடு வருகிறவர் படிக்கும்படி இருந்திருக்க வேண்டும். எங்கள் கையில் இருந்தது இந்த ஒரு துருப்புச் சீட்டுத்தான்.

விசாரணை 2023 மார்ச்சில். அதற்கு முன் அரசு வக்கீலைப் பார்த்தோம். "கார்க்காரராக இருந்தால் வகுப்புக்கு அனுப்பிவிடுவேன். உங்கள் உரிமத்துக்கு என்னால் எதுவும் செய்ய முடியாது. ஒப்புக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நடத்துங்கள்" என்றார். நடத்தினோம். போலீஸ் அதிகாரி வரமாட்டார் என்றார்களே, எனக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது யோசனையும் போயிற்று.

நம் நாட்டில் ஜூரி முறை ஒழிந்து பல காலம் ஆகிறது. அங்கே வெறும் அபராத வழக்குக்குக்கூட ஜூரி கேட்கலாம். நகராட்சிக் கோர்ட்டில் ஆறு பேர். கடைக்காரர், ஓய்வு பெற்ற அம்மா ஒருவர், ஒரு இளைஞர், இப்படி அந்த ஊர்க்காரர்களே. அவர்கள் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்கூடம் அது. கறுப்பாக, வேறு உச்சரிப்போடு, வெளியூரிலிருந்து லாரியில் வந்தவன் நான். என் முழங்கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது.

சாட்சிக் கூண்டில் என்னை ஏற்றினார்கள். கட்டாயம் இல்லை, ஏறாமலே இருந்திருக்கலாம். போர்டு தெரியவில்லை என்று நானே சொன்னால்தான் நம்புவார்கள் என்றார் வக்கீல் அம்மா. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, கதை சொல்லாதீங்க" என்று சொல்லியிருந்தார்.

அரசு வக்கீல் கேட்டார்: "இதற்கு முன் அந்தக் கிடங்குக்கு வந்திருக்கிறீர்களா?"

இரண்டு தடவை வந்திருந்தேன். இரண்டும் நள்ளிரவு. இல்லை என்று சொல்லியிருந்தால் அங்கே யாருக்கும் தெரியப் போவதில்லை. சத்தியம் செய்திருந்தேன். "ரெண்டு தடவை, ராத்திரியில்" என்றேன்.

"பள்ளிக்கூடம் தெரிந்ததா?"

"தெரிந்தது."

"ரோட்டைக் கடக்கும் கோடுகள்?"

"தெரிந்தது."

"பிள்ளைகள் இருந்தார்களா?"

"கோட்டில் யாரும் இல்லை. ஓரத்தில் பையோடு நாலைந்து பேர் நடந்து போனார்கள்."

"அப்படியும் 36 மைலில் போனீர்கள்."

"போனேன். 35 என்று நினைத்துக்கொண்டு போனேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். வக்கீல் அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. பிறகு அவர் படங்களைக் காட்டி, அதிகாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த கேட்டிலிருந்து வலப்பக்கம் திரும்பும் டிரைவருக்கு, 20 மைல் என்று சொல்லும் போர்டு எங்கே இருக்கிறது?" அதிகாரி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தப் பக்கம் இல்லை" என்றார். நேர்மையான மனிதர். அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் இந்தக் கதையை நான் இங்கே சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆறு பேரும் உள்ளே போய் நாற்பது நிமிஷம் கழித்து வந்தார்கள். குற்றவாளி இல்லை என்றார்கள்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் அந்த ஓய்வு பெற்ற அம்மா என்னை நிறுத்தினார். வாழ்த்துச் சொல்லப் போகிறார் என்று சிரித்துக்கொண்டே நின்றேன். "போர்டு விஷயத்தில்தான் உன்னை விட்டோம். பள்ளிக்கூடம் விஷயத்தில் விடவில்லை" என்றார். சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்போடு அப்படியே நின்றேன். 36 மைல் என்றால் விநாடிக்கு 53 அடி. 20 மைல் என்றால் 29 அடி. லாரியில் காற்று பிரேக். மிதித்தால் உடனே பிடிக்காது, காற்று குழாயில் ஓடிப் போய்ப் பிடிக்கவே அரை விநாடி ஆகும். இதெல்லாம் உரிமத் தேர்வுக்கு நான் மனப்பாடம் செய்ததுதான். போர்டு முதுகைக் காட்டலாம். பையோடு நடந்தவர்கள் எனக்கு முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று ராத்திரி அப்பாவிடம் ஜெயித்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செரி, அந்த கேட்டுல இப்பப் போர்டு வெச்சுட்டாங்களா?" என்றார்.

"இல்லீங்கப்பா."

"அப்பறம் என்னத்த ஜெயிச்சே? அடுத்த வண்டிக்காரன் வருவானல்ல?"

எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூட வாசல் நேரே மெயின் ரோட்டில் இருக்கும். அப்பாவும் இன்னும் நாலைந்து லாரிக்காரர்களும் சேர்ந்து, இரண்டு தார் டிரம்முக்கு வெள்ளையடித்து, சிவப்புப் பெயிண்டில் "பள்ளி, மெல்ல" என்று எழுதி ரோட்டோரம் வைத்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. மழையில் பெயிண்ட் போனால் அவர்களே திரும்ப எழுதுவார்கள்.

டெக்சஸில் தார் டிரம் வைக்க முடியாது. நகராட்சியின் போக்குவரத்துப் பிரிவுக்கு, கோர்ட்டில் காட்டிய அதே படங்களை வைத்து ஒரு கடிதம் எழுதினேன். கிடங்கு கேட்டிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குத் தெரியும்படி ஒரு போர்டு வேண்டும் என்று. பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்துத் திரும்ப எழுதினேன். கிடங்கு மேலாளரையும் ஒரு கடிதம் எழுத வைத்தேன். 'உங்களைத் தோற்கடித்தவன்தான் எழுதுகிறேன்' என்று எழுதவில்லை, ஆனால் அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை, அறிவுரை இல்லை, தகவல்தான். நம் ஊரிலும் இப்போது போனிலேயே இ-சலான் வருகிறது. உங்களில் பலர் படத்தைக்கூடப் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. சந்தேகம் இருந்தால் மறுத்து வாதாட இங்கேயும் வழி இருக்கிறது. பார்த்துவிட்டு, வண்டி உங்களுடையதுதான், வேகமும் சரிதான் என்றால் பேசாமல் கட்டிவிடுங்கள். அங்கே கனரக வண்டி ஓட்டும் சொந்தக்காரர்கள் யாருக்காவது இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வாருங்கள். தபாலில் பணம் அனுப்ப வேண்டாம் என்பதை மட்டும் முதலில் சொல்லி வையுங்கள். தண்டனை ஏறினால் 30 நாளுக்குள் முதலாளிக்கும் எழுத்தில் சொல்லியாக வேண்டும். அதை மறந்து வேலையை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

2024 பிப்ரவரியில் மறுபடி அந்தக் கிடங்குக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனேன். இறக்கிவிட்டு வெளியே வந்தால், கேட்டுக்கு வலப்பக்கம் புதிதாக ஒரு கம்பம். பளீர் மஞ்சளில் போர்டு, அதன் மேல் விளக்கு. மதியம் ஒரு மணி, விளக்கு எரியவில்லை. இருந்தாலும் 20 மைலில்தான் போனேன். பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்தார்.

வண்டியை ஓரம் கட்டிப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்துக் குரலிலேயே பதில் வந்தது.

"பாத்தேன் சாமி. போர்டு கொஞ்சம் சின்னதா இருக்குதே. பெருசா ஒண்ணு கேட்டு எழுது."